கொசு உள்ளூர், வைரஸ் வெளியூர்: ஐரோப்பாவில் வெஸ்ட் நைல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு ஜெர்மனியில் ஓர் ஆய்வகத்தில் எனக்கு வேலை. பொறியில் மாட்டிய கொசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து எது எந்த இனம் என்று பிரித்து வைப்பேன். இதைச் சொன்ன நிமிடத்திலிருந்து எந்த விசேஷ வீட்டிலும் பேச்சு கொசுவுக்குத் திரும்பிவிடுகிறது. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் தேர் அன்று, அன்னதான வரிசையில் நின்றபடியே மூன்று பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கேள்விகள் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, பதிலையும் போட்டுவிட்டேன்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே. ஈழத்து நண்பர்கள் நுளம்பு என்பார்கள். நான் மதுரைப் பக்கம், எனக்குக் கொசு என்றுதான் வரும். அப்புறம், நான் மருத்துவர் இல்லை. கொசுவைப் பற்றிக் கேளுங்கள். காய்ச்சலோடு என்னிடம் வராதீர்கள்.

டெங்கு, மலேரியா எல்லாம் நம்ம ஊர் சமாச்சாரம். இந்தக் குளிர் நாட்டில் கொசு கடித்தால் என்ன வந்துவிடப் போகிறது?

பெரும்பாலும் அரிப்புதான் வரும். ஆனால் "ஒன்றும் வராது" என்று இப்போது சொல்ல முடியாது. 2018 கோடையில் ஜெர்மனியில் முதன்முறையாகப் பறவைகளிலும் குதிரைகளிலும் வெஸ்ட் நைல் வைரஸைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே, வெளிநாடு எங்கும் போகாத 5 பேருக்கு இங்குள்ள கொசு கடித்து அது வந்தது. அதன்பிறகு பெர்லின், பிராண்டன்பர்க், சாக்சனி, சாக்சனி-அன்ஹால்ட் பகுதிகளில் அது ஊன்றிக்கொண்டது. தெற்கே இத்தாலி, கிரீஸ், ருமேனியா, ஹங்கேரியில் இது பழைய கதை. அந்த 2018இல் மட்டும் ஐரோப்பாவிலும் அண்டை நாடுகளிலுமாக 2,000க்கும் மேற்பட்டோருக்கு நோய் பதிவானது; சுமார் 180 பேர் இறந்தார்கள்.

மலேரியாவே ஒரு காலத்தில் இந்த ஊர் சமாச்சாரம்தான். ரைன் பள்ளத்தாக்கிலும் நெதர்லாந்திலும் இத்தாலியிலும் இருபதாம் நூற்றாண்டு வரை இருந்தது. குளிர் நாடு என்றால் கொசு நோய் வராது என்பது நாமாகக் கட்டிக்கொண்ட நம்பிக்கை.

அது புலிக்கொசு பரப்புவதுதானே? டிவியில் காட்டினார்களே, உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு போட்ட கொசு.

இல்லை. என்னிடம் வரும் குழப்பங்களில் முதலிடம் இதற்குத்தான். இங்கே ஓடுவது இரண்டு தனித்தனிக் கதைகள்.

முதல் கதையில் கொசு வெளியூர். ஆசியப் புலிக்கொசு, பழைய டயர்களில் ஒட்டியிருந்த முட்டைகளோடு கப்பலேறி வந்தது. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் மனிதரிடமிருந்து மனிதருக்கு அது கடத்தும். 2007இல் இத்தாலியின் எமிலியா-ரோமாஞா பகுதியில் காஸ்டிலியோனே டி செர்வியா என்ற சிற்றூரிலும் சுற்றுவட்டாரத்திலும் 200க்கும் மேற்பட்டோருக்குச் சிக்குன்குனியா வந்தது. ஆரம்பம், கேரளத்திலிருந்து வந்திறங்கிய ஒருவரின் காய்ச்சல். கடத்தியது அங்கே ஏற்கனவே குடியேறிவிட்ட புலிக்கொசு.

இரண்டாவது கதையில் கொசு உள்ளூர்க்காரி, வைரஸ்தான் வெளியூர். வெஸ்ட் நைல், அதன் சொந்தமான உசுட்டு என்ற இன்னொரு வைரஸ், இரண்டும் இந்த வகை. புலிக்கொசு ஒன்றுகூட இல்லாத ஊரிலும் இவை பரவும். புலிக்கொசுவைப் பற்றித்தான் செய்தி வருகிறது; படம் எடுக்க அது அழகாக இருக்கிறது. இந்தக் கேள்வி-பதில் இரண்டாவது கதைக்கு.

சரி, அந்த உள்ளூர்க் கொசு எது? பார்த்தால் தெரியுமா?

கியூலெக்ஸ் பிப்பியன்ஸ். சாதாரண வீட்டுக்கொசு. மங்கிய பழுப்பு நிறம், காலில் பளிச்சென்ற கோடு கிடையாது. பகலில் எங்காவது ஒண்டிக்கிடந்து, இருட்டியபின் வரும். விளக்கை அணைத்ததும் காதோரம் ரீங்காரமிடுவது பெரும்பாலும் இதுதான்.

நமக்கு இது அந்நியமும் இல்லை. தமிழ்நாட்டுச் சாக்கடைகளில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பியதே, கியூலெக்ஸ் குயின்குஃபேசியேட்டஸ், அதன் உடன்பிறப்பு இனம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணுக்கும் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

இந்த வைரஸ் எங்கிருந்து வந்தது? யார் கொண்டு வந்தது?

1937இல் உகாண்டாவின் வெஸ்ட் நைல் மாவட்டத்தில், காய்ச்சல் கண்ட ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். பெயர் அப்படி வந்தது. டெங்கு, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் இதன் பங்காளிகள்; ஃபிளேவிவைரஸ் என்று ஒரே குடும்பம். இந்தப் பங்காளி உறவு பின்னால் ரத்தப் பரிசோதனைக் கேள்வியில் தலைவலி கொடுக்கும், நினைவில் வையுங்கள்.

ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வரும் பறவைகள் என்பதுதான் பொதுவான முடிவு. 1960களிலேயே தென் பிரான்ஸின் கமார்க் சதுப்புநிலத்தில் குதிரைகளுக்கு வந்திருக்கிறது. 2004இல் ஹங்கேரியில் ஒரு வல்லூறில் இதன் இரண்டாம் மரபுவழி (இந்த வைரஸின் இன்னொரு கிளை) வைரஸைக் கண்டார்கள். அது ஆப்பிரிக்காவை விட்டு வராத, அவ்வளவாகத் தீங்கு செய்யாத வகை என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அதே மரபுவழிதான் 2010இல் கிரீஸின் மத்திய மாசிடோனியாவில் 262 பேரைத் தாக்கி 35 பேரைக் கொன்றது. ஜெர்மனியில் இன்று சுற்றுவதும் அந்த இரண்டாம் மரபுவழியே.

பறவையிலிருந்து எனக்கு எப்படி வரும்? நான் கோழிகூட வளர்க்கவில்லையே.

வைரஸின் உண்மையான வீடு பறவையும் கொசுவும். கொசு பறவையைக் கடிக்கும், பறவையின் ரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் பெருகும், அடுத்த கொசு அதைக் குடிக்கும், இன்னொரு பறவைக்குக் கொடுக்கும். வசந்தம் முழுக்க இந்தச் சுற்று நமக்குத் தெரியாமலே ஓடும். நடுவில் அந்தக் கொசு ஒரு மனிதரையோ குதிரையையோ கடித்தால் நோய் நமக்கு. ஆனால் நம் ரத்தத்தில் வைரஸ் அவ்வளவு பெருகாது. நம்மைக் கடிக்கும் அடுத்த கொசுவுக்கு அதனால் தொற்றாது. நாம் அதற்கு முட்டுச்சந்து.

எல்லாக் கியூலெக்ஸும் மனிதரைத் தேடி வராது. பிப்பியன்ஸிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று பறவை ரத்தத்தை விரும்புவது. மற்றொன்றான மொலெஸ்டஸ் சுரங்கம், நிலவறை, கழிவுநீர்க் குழி என்று பதுங்கி மனிதரைக் கடிப்பது. இரண்டும் கலந்து பிறந்த கொசு பறவையையும் கடிக்கும், நம்மையும் கடிக்கும். பாலம் போடுவது அதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வடிவமும் அச்சு அசல் ஒன்று; மரபணுச் சோதனை செய்தால்தான் பிரிக்க முடியும். நுண்ணோக்கியை மட்டும் வைத்துக்கொண்டு நான் கையை விரித்துவிடும் இடம் இது.

லண்டன் சுரங்க ரயிலில் புதிதாக ஒரு கொசு இனமே உருவானது என்று படித்தேன். அதுவா இது?

அந்த மொலெஸ்டஸ்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குப் பயந்து சுரங்கத்தில் படுத்தவர்களைப் பிய்த்தெடுத்ததால் லண்டன் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அது அங்கே பிறக்கவில்லை. 2025இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, விவசாயம் தழைத்த மத்தியகிழக்குப் பகுதியில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்திருக்க வேண்டும் என்று காட்டியது. நல்ல கதை ஒன்று போயிற்று.

இங்கே ஆறு மாதம் குளிர். பனியில் கொசு செத்துவிடாதா? அதோடு வைரஸும் போய்விடாதா?

ஆண் கொசுக்கள் சாகும். இலையுதிர்காலத்தில் இணைசேர்ந்த பெண் கொசு, ரத்தம் குடிக்காமல், பூக்களின் இனிப்புச் சாற்றைக் குடித்துக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, கெல்லர் எனும் நிலவறையிலோ குகையிலோ சுவரில் ஒட்டி உறங்கும். ஜனவரியில் உங்கள் கெல்லர் சுவரில் அசையாமல் உட்கார்ந்திருப்பது அதுதான்.

வைரஸும் அதற்குள் படுத்துக்கிடக்கும். நியூயார்க்கில் 2000ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், குவீன்ஸ் பகுதியில் உறங்கிக்கொண்டிருந்த கியூலெக்ஸ் கொசுக்களைப் பிடித்துப் பார்த்தார்கள்; வைரஸ் இருந்தது. ரத்தமே குடிக்காமல் உறங்கப்போன கொசுவுக்கு அது எப்படி வந்தது? தாய்க் கொசு முட்டை வழியாகவே கொடுத்திருக்கலாம். எல்லா முட்டைக்கும் போகாது, வெகு சிலவற்றுக்குத்தான். ஆனால் அந்தச் சில போதும். இதனால்தான் ஒவ்வொரு ஆண்டும் புதிதாகப் பறவை கொண்டுவர வேண்டியதில்லை. ஒருமுறை ஊன்றினால் அங்கேயே இருந்துவிடும்.

வெயில் அதிகமான வருஷத்தில்தான் இது வருகிறது என்கிறார்கள். கொசு அதிகமாவதாலா?

அது ஒரு பகுதிதான். பெரிய காரணம் கொசுவின் வயிற்றுக்குள் இருக்கிறது.

கொசு வைரஸைக் குடித்த உடனே அடுத்தவருக்குக் கொடுத்துவிட முடியாது. வைரஸ் முதலில் அதன் குடல் சுவரைத் தாண்ட வேண்டும், உடம்பில் பெருக வேண்டும், எச்சில் சுரப்பியைச் சேர வேண்டும். கொசுவுக்கு நம்மைப் போல நிலையான உடல்சூடு கிடையாது. வெளியே என்ன வெப்பமோ உள்ளேயும் அதுவே. அமெரிக்காவில் கியூலெக்ஸ் பிப்பியன்ஸை வைத்துச் செய்த சோதனையில், 30 டிகிரியில் சில நாளிலேயே வைரஸ் உடம்பெங்கும் பரவியது. 18 டிகிரியில் மூன்று வாரத்துக்கும் மேலாயிற்று. 14 டிகிரிக்குக் கீழே அது ஏறக்குறைய நகர்வதே இல்லை.

இப்போது கணக்குப் போடுங்கள். கோடையில் ஒரு பெண் கொசு உயிரோடிருப்பதே சில வாரம். குளிர்ந்த கோடையில், வைரஸ் எச்சிலுக்கு வந்து சேருவதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. சூடான கோடையில் கொசுவுக்கு இன்னும் நாள் மிச்சமிருக்கிறது, இரண்டு மூன்று முறை கடிக்கலாம். கொசு அதேதான், பறவை அதேதான். நான்கைந்து டிகிரி மாறினால் கதை மாறிவிடுகிறது. ஜெர்மனியில் 2018 அப்படி ஒரு கோடை. இந்த வைரஸ் பற்றி ஒன்றே ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படிப் பார்த்தால் நம்ம ஊர் வெயிலுக்கு இது தலைவிரித்தாட வேண்டுமே?

நல்ல கேள்வி, ஆனால் சூடு ஏற ஏற எல்லாம் ஏறாது. மிகுந்த வெப்பத்தில் கொசுவே சீக்கிரம் செத்துவிடும். வைரஸின் வேகம், கொசுவின் ஆயுள், முட்டையின் எண்ணிக்கை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வெஸ்ட் நைல் பரவ மிகத் தோதான வெப்பம் 24, 25 டிகிரி அளவில் வருகிறது. டெங்குவுக்கு அது 29ஐ ஒட்டி. அதாவது வெஸ்ட் நைலுக்குப் பிடித்தது மதுரை மே மாதம் இல்லை, ஐரோப்பிய ஜூலை.

இந்தியாவில் இது இல்லை என்றும் சொல்லிவிடக்கூடாது. 2011இல் ஆலப்புழையில் வந்தது. 2019இல் மலப்புரத்தில் ஒரு சிறுவன் இறந்தான். அதன் பங்காளியான ஜப்பானிய மூளைக்காய்ச்சலை இந்தியாவில் முதலில் அறிந்ததே 1955இல் வேலூரில். ஒரு பங்காளி வைரஸ் ஏற்கனவே தொட்டுவிட்டுப் போன உடம்பில் இன்னொன்று அவ்வளவாக ஆட்டம் போட முடியாமல் போகலாம் என்பதும் ஒரு விளக்கம். அப்புறம், தேடாத இடத்தில் எதுவும் கிடைக்காது என்பதும் உண்டு.

நியூயார்க்கில் காக்கை செத்ததை வைத்துக் கண்டுபிடித்தார்களாமே, நிஜமா?

நிஜம்தான், கொஞ்சம் சங்கடமான நிஜம். 1999 ஆகஸ்டில் குவீன்ஸில் ஒரு மருத்துவமனையில் வயதானவர்கள் மூளை அழற்சியோடும், வழக்கத்துக்கு மாறாகக் கை கால் தளர்ச்சியோடும் வந்தார்கள். டெபோரா ஆஸ்னிஸ் என்ற மருத்துவர் சந்தேகப்பட்டு நகரச் சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். சோதித்துவிட்டு, இது செயின்ட் லூயிஸ் மூளை அழற்சி என்று அறிவித்தார்கள். அதுவும் ஃபிளேவிவைரஸ்தான், அமெரிக்காவிலேயே இருப்பது.

அதே வாரங்களில் நகரெங்கும் காக்கைகள் விழுந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவில் நோய்க்கூறு நிபுணராக இருந்த டிரேசி மெக்நமாரா, பூங்காப் பறவைகள் மூளையில் ரத்தக்கசிவோடு சாவதைப் பார்த்தார். செயின்ட் லூயிஸ் வைரஸ் பறவைகளைக் கொல்லாது. அப்படியானால் பறவைகளுக்கும் மனிதருக்கும் வந்திருப்பது ஒன்றாக இருந்தால், சொன்ன பெயர் தப்பு. அவர் விடவில்லை. ஆய்வகம் ஆய்வகமாகத் திசுக்களை அனுப்பினார். கடைசியில் வந்தது வெஸ்ட் நைல், அமெரிக்கக் கண்டம் அதுவரை காணாதது. 1998இல் இஸ்ரேலில் பறவைகளில் கண்ட வைரஸோடு ஏறக்குறைய ஒத்துப்போனது.

அந்த ஆண்டு 62 பேருக்கு நோய், 7 பேர் இறப்பு. நான்கைந்து ஆண்டில் பசிபிக் கரை வரை போய்விட்டது. 2012இல் மட்டும் அமெரிக்காவில் 5,674 பேருக்கு நோயும் 286 இறப்பும் பதிவாயின. அங்கே அதைச் சுமந்ததும் உள்ளூர்க் கியூலெக்ஸ் கொசுக்களே. மனித மருத்துவரும் விலங்கு மருத்துவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதற்கு வகுப்பில் இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

எங்கள் தோட்டத்தில் ஒரு ஆம்ஸல் செத்துக் கிடந்தது. அதுவும் இதுதானா?

ஆம்ஸல் தெரியாதவர்களுக்கு: மஞ்சள் அலகுள்ள கருப்புப் பாட்டுக்குருவி, விடியலில் கூரைமேல் உட்கார்ந்து பாடுமே அது. கோடையில் செத்துக் கிடந்தால் பெரும்பாலும் பூனையை, இல்லையென்றால் உசுட்டு வைரஸைச் சந்தேகிப்பேன். உசுட்டு வெஸ்ட் நைலின் நெருங்கிய சொந்தம். தென்னாப்பிரிக்காவில் 1959இல் கண்டது, பெயர் ஓர் ஆற்றின் பெயர். 2001இல் வியன்னாவைச் சுற்றி ஆம்ஸல்கள் கூட்டமாகச் செத்தபோது ஐரோப்பா அதைக் கவனித்தது. 2011இல் ரைன் பள்ளத்தாக்கில் அதே காட்சி. மனிதருக்கு அரிதாகத்தான் தொல்லை கொடுக்கும்.

வெறுங்கையால் தொடாதீர்கள். 2018இல் செத்த ஆந்தை ஒன்றை அறுத்துப் பரிசோதித்த கால்நடை மருத்துவர் ஒருவருக்கு வெஸ்ட் நைல் வந்தது. கையுறையோ பிளாஸ்டிக் பையோ மாட்டி எடுங்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான நாபு, செத்த ஆம்ஸல் பற்றிய தகவல்களைச் சேகரிக்கிறது; அவர்களுக்குச் சொல்லுங்கள்.

நுளம்பு கடிச்ச இடம் ஊரை விட இங்க பெரிசா வீங்குது. வைரஸ் இருக்கிறதாலயோ?

இல்லை. வீக்கம் கொசுவின் எச்சிலுக்கு உங்கள் உடம்பு காட்டும் கோபம். ஊர்க் கொசுவின் எச்சில் சிறுவயதிலிருந்து பழகியது. இந்த இனங்களின் எச்சில் புதிது. வைரஸ் உள்ள கொசு கடித்தாலும் இல்லாத கொசு கடித்தாலும் தோலில் தெரிவது ஒன்றுதான்.

வந்தால் எப்படித் தெரியும்?

பத்தில் எட்டுப் பேருக்குத் தெரியவே தெரியாது. மீதிப் பேருக்குக் கடித்த 2 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி, சிலருக்குத் தடிப்பு. ஃப்ளூ என்று நினைத்துப் படுத்து எழுந்துவிடுவார்கள். ஏறக்குறைய 150 பேரில் ஒருவருக்கு மூளை, மூளை உறை, தண்டுவடம் பாதிக்கும். அவர்களில் பத்தில் ஒருவர் இறக்கலாம். பிழைத்தவர்களுக்கும் தளர்ச்சி மாதக்கணக்கில் நீடிக்கலாம். 60 வயது தாண்டியவர்களும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

கோடை முடிவில் வீட்டுப் பெரியவருக்குக் கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு, கை கால் தளர்ச்சி ஏதாவது வந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள். வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை, ஆனால் தாக்குப்பிடிக்க வைக்கும் சிகிச்சை உண்டு.

எஃப்எஸ்எம்இ ஊசி போட்டிருக்கிறேன். அது போதாதா?

போதாது. அது உண்ணி கடித்து வரும் மூளை அழற்சிக்கான தடுப்பூசி. ஒரே குடும்பம்தான், ஆனால் வெஸ்ட் நைலிலிருந்து காக்கும் என்று நம்ப முடியாது. வெஸ்ட் நைலுக்கு மனிதர்களுக்கான தடுப்பூசி இன்னும் சந்தைக்கு வரவில்லை. குதிரைகளுக்கு உண்டு. குதிரை வைத்திருக்கும் என் சக ஊழியர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு முன்பு ஊரில் டெங்கு வந்திருக்கிறது. இங்கே ரத்தப் பரிசோதனையில் வெஸ்ட் நைல் பாசிட்டிவ் என்று வந்தால் நம்பலாமா?

அந்த ஒரு தாளை மட்டும் வைத்து நம்ப முடியாது. பங்காளி உறவு தலைவலி தரும் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். சாதாரண ரத்தப் பரிசோதனை தேடுவது வைரஸை இல்லை. அதை எதிர்த்து உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளை. டெங்குவுக்காக உங்கள் உடம்பு செய்து வைத்தது வெஸ்ட் நைலையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். மஞ்சள் காய்ச்சல் ஊசி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி, சற்றுமுன் பேசிய எஃப்எஸ்எம்இ ஊசி எல்லாம் இதே குழப்பத்தைச் செய்யும்.

இங்குள்ள மருத்துவருக்கு உங்கள் பழைய டெங்கு தெரிய வாய்ப்பில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும், எந்த ஊசி எப்போது போட்டீர்கள் என்பதோடு. குழப்பம் இருந்தால் நடுநிலையாக்கச் சோதனை என்று ஒன்று செய்வார்கள்: உயிருள்ள வைரஸ் ஒவ்வொன்றையும் உங்கள் ரத்தநீர் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. பெரிய ஆய்வகத்தில்தான் நடக்கும், நாளும் எடுக்கும். காய்ச்சலின் ஆரம்ப நாட்களில் வைரஸின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனையும் உதவும்.

இத்தாலிக்கு விடுமுறை போய் வந்தேன் என்றதும் ரத்தம் கொடுக்க வேண்டாம், 28 நாள் கழித்து வா என்கிறார்கள். நாம் முட்டுச்சந்து என்றீர்களே?

கொசு வழியாகப் பரவ நாம் முட்டுச்சந்துதான். கொசு குடிப்பது துளியிலும் துளி. அதில் இருக்கும் வைரஸ் அதற்குப் போதாது. ரத்ததானத்தில் கொடுப்பது அரை லிட்டர், அதுவும் நோயுற்ற ஒருவரின் ரத்தக்குழாய்க்குள் நேராக. 2002இல் அமெரிக்காவில் ரத்தம் ஏற்றியும் உறுப்பு மாற்றியும் சிலருக்கு இது வந்தபின்தான் விழித்தார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு அறிகுறியே இல்லை என்பதால் "எனக்கு நன்றாகத்தானே இருக்கிறது" என்பது செல்லாது. பரவல் உள்ள இடத்துக்குப் போய்வந்தால் 28 நாள் இடைவெளி, அல்லது வைரஸ் மரபணுச் சோதனை. திருப்பி அனுப்பினால் கோபப்படாதீர்கள்.

எய்ட்ஸ்? கொரோனா?

இரண்டும் கொசுவால் பரவாது. எல்லா பஸ்ஸும் எல்லா ஊருக்கும் போகாது. வைரஸ் கொசுவின் குடலைத் தாண்டினால்தான் பயணம், தாண்டாவிட்டால் செரித்துப்போகும். கியூலெக்ஸ் டெங்குவைக் கடத்தாததற்கும் காரணம் இதுவே.

மழை குறைந்த வருஷம், கொசுவும் குறையும், நிம்மதி. சரிதானே?

பொதுப்புத்தி சொல்வது அப்படித்தான். கியூலெக்ஸ் விஷயத்தில் அடிக்கடி பொய்த்துவிடும். வறட்சியில் நீர்நிலைகள் சுருங்க, பறவைகளும் கொசுக்களும் ஒரே குட்டையைச் சுற்றிக் கூடுகின்றன. ஓடாமல் தேங்கிய சாக்கடை நீர் கெட்டியாகி, கியூலெக்ஸுக்கு இன்னும் பிடித்ததாகிறது. 1996இல் புகாரெஸ்ட் நகரில் சுமார் 400 பேருக்கு வெஸ்ட் நைல் வந்து 17 பேர் இறந்தபோது, வயலோ சதுப்போ காரணம் இல்லை. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறையில் கசிந்து தேங்கிய நீர். நோய் கண்டவர்கள் பலர் அப்படிப்பட்ட கட்டடங்களில் குடியிருந்தார்கள்.

கிராமம் தப்பிக்கும் என்றும் இல்லை. 2020இல் ஸ்பெயினில் குவாடல்கிவிர் ஆற்றின் முகத்துவாரப் பக்கம், நெல்வயல் சூழ்ந்த ஊர்களில் 77 பேருக்கு வந்து 8 பேர் இறந்தார்கள். அங்கே முக்கியப் புள்ளி வேறொரு உள்ளூர்க் கியூலெக்ஸ். நெல்வயல், கொக்கு, கியூலெக்ஸ், மூளைக்காய்ச்சல்: தென்னாற்காடு பக்கத்தவர்களுக்கு இந்தக் கூட்டணியை நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் லண்டனில். பிரிட்டனில் இருக்கிறதா?

உசுட்டு 2020இலிருந்து லண்டன் ஆம்ஸல்களில் இருக்கிறது. வெஸ்ட் நைலைப் பொறுத்தவரை, நாட்டிங்காம்ஷையரில் ஐடில் ஆற்றங்கரைச் சதுப்பில் 2023 ஜூலையில் பிடித்த ஏடிஸ் வெக்ஸான்ஸ் கொசுக்களில் அதன் மரபணுத் துணுக்குகள் இருந்ததாக 2025 மே மாதம் அறிவித்தார்கள். மனிதருக்குப் பரவியதாக அறிகுறி இல்லை, ஆபத்து மிகக் குறைவு என்றும் சேர்த்தே சொன்னார்கள். பெயரைக் கவனியுங்கள்: புலிக்கொசுவும் டெங்குக் கொசுவும் சேர்ந்த அதே ஏடிஸ் கூட்டம்தான், ஆனால் வெள்ளத்தில் பெருகும் உள்ளூர் ஏடிஸ், டெங்குக் கொசு இல்லை.

பின்லாந்து மாதிரி இன்னும் வடக்கே போனால் தப்பிக்கலாமா?

அங்கே வேறொன்று காத்திருக்கிறது. சிண்ட்பிஸ் என்ற வைரஸ், எகிப்தில் கெய்ரோ பக்கம் ஒரு சிற்றூரின் பெயர் கொண்டது. கிழக்குப் பின்லாந்தில் ஆகஸ்ட், செப்டம்பரில் காட்டுக்குப் பெர்ரியும் காளானும் பறிக்கப் போகிறவர்களுக்கு அரிப்புத் தடிப்போடு மூட்டுவலி வரும். பொகோஸ்டா நோய் என்பார்கள். ஸ்வீடனில் அதற்கே ஒக்கெல்போ என்று பெயர். 2006இல் நம் ஊரில் சிக்குன்குனியாவில் நடக்க முடியாமல் கிடந்தவர்களுக்கு இந்த மூட்டுவலி புரியும். இரண்டும் ஒரே குடும்ப வைரஸ். கடத்துவது உள்ளூர்க் கொசு, பறவைகளிடையே சுற்றுவதும் அதேபோல். பின்லாந்தில் பல காலம் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அது உச்சம் தொட்டது; காட்டுக்கோழிகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவதோடு அதை முடிச்சுப் போடுகிறார்கள்.

புகை அடிக்க வேண்டியதுதானே? நம்ம ஊர் நகராட்சியே செய்கிறதே.

புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீரில் உள்ள புழுவைத் தொடாது. நான்கு நாளில் அடுத்த தலைமுறை பறக்கும். ஜெர்மனியில் அதற்கு அனுமதி வாங்குவதும் லேசில்லை. ரைன் கரையில் 1976இல் உருவான காப்ஸ் என்ற உள்ளாட்சிகளின் கூட்டமைப்பு, பிடிஐ என்ற மண் பாக்டீரியாவின் புரதத்தைத் தண்ணீரில் தூவுகிறது. கொசுப்புழு அதைத் தின்றால் குடல் கிழிந்து சாகும். ஆனால் அவர்கள் குறி வெள்ளக் கொசுக்கள். கியூலெக்ஸ் வளர்வது காப்ஸ் எட்டாத இடத்தில், உங்கள் தோட்டத்து மழைநீர்ப் பீப்பாயில்.

பீப்பாய்க்கு இடைவெளியில்லாத மூடியோ மெல்லிய வலையோ போடுங்கள். பூந்தொட்டித் தட்டு, குழந்தையின் பிளாஸ்டிக் குளம், கவிழ்க்காத வாளி எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கொட்டுங்கள். ஒரு கியூலெக்ஸ் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கான முட்டைகளைத் தெப்பம் போலத் தண்ணீர்மேல் இடும். நல்ல வெயிலில் பத்து நாளில் பறந்துவிடும். வாரக் கணக்கு அதனால்தான். கொட்ட முடியாத தண்ணீருக்கு பிடிஐ மாத்திரை கடையில் கிடைக்கும். மீன் உள்ள குளத்தைத் தொட வேண்டாம், மீன் பார்த்துக்கொள்ளும். மாலையில் வெளியே உட்காருபவர்கள் டீட் அல்லது இகாரிடின் உள்ள மருந்தைத் தடவுங்கள். எலுமிச்சைப் புல் மெழுகுவர்த்தி மணக்கும், அவ்வளவுதான்.

வீட்டில் வித்தியாசமான கொசு ஒன்றைப் பிடித்தேன். உங்களுக்கு அனுப்பட்டுமா?

எனக்கு வேண்டாம், ஜெர்மனியில் இதற்கென்றே 2012இலிருந்து மியூக்கன்அட்லாஸ் என்று ஒரு திட்டம் இருக்கிறது. பொதுமக்கள் அனுப்பும் கொசுக்களை இனம் பார்த்து, எங்கே பிடித்தது என்று வரைபடத்தில் குறித்து, அனுப்பியவருக்குப் பதிலும் போடுவார்கள். படிவத்தை இணையத்தில் எடுத்து நிரப்புங்கள்.

அடித்து நசுக்கிவிட்டு அனுப்பாதீர்கள். ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்து, அப்படியே ஃப்ரீசரில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் தீப்பெட்டி மாதிரி சின்னப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பஞ்சு வைத்து அமுக்கவோ டேப் போட்டு ஒட்டவோ வேண்டாம். கால் ஒடிந்து, இறகின் செதில் எல்லாம் டேப்போடு வந்துவிட்டால் அது பிப்பியன்ஸா வேறொன்றா என்று யாராலும் சொல்ல முடியாது.